அரக்கில் பதிந்த இசை

மனிதன் தனக்கு வேண்டாத பொருளைப் பற்றி நூறு கேள்வி கேட்பான். தான் விரும்பும் பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேளான். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியது, என் இளமையில் நான் கண்ட ஓர் இசைத்தட்டுக் கடையாகும்.

1960ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. தந்தையார் எங்கள் சிற்றூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும்போதெல்லாம் என்னையும் உடன் அழைத்துச் செல்வார். கடைத்தெருவில் பட்டு மாளிகைகள் வரிசையாக நிற்கும். தந்தையார் அவற்றின் வாயிலையும் ஏறிட்டுப் பாரார். கூட்டுப்புழுக்களைக் கொதிநீரிலிட்டு எடுக்கும் இழை நம் மேனிக்கு வேண்டா என்பது எங்கள் இல்லத்தின் நெறி. தமக்கையாரின் திருமணத்திலும் பருத்திப் புடவையே மணப்புடவையாயிற்று. தேனும் எங்கள் வீட்டு வாயிற்படியை மிதித்ததில்லை.

அத்தகையவரின் கால்கள் தெருக்கோடியில் இருந்த சிறிய இசைத்தட்டுக் கடையின் முன் தாமாகவே நின்றுவிடும். நால்வர் நின்றால் நிரம்பிவிடும் கடை அது. எந்த வாடிக்கையாளருக்கு எவர் பாட்டில் விருப்பம் என்பதைக் கடைக்காரர் மனத்திலேயே குறித்து வைத்திருப்பார். "முதலில் கேளுங்கள் ஐயா, விலையைப் பிறகு பேசலாம்" என்று கூறி, புதிய ஊசி ஒன்றைப் பொருத்தித் தட்டைச் சுழலவிடுவார். ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. அம்மூன்று நிமிடமும் எவரும் வாய் திறவார். வழிப்போக்கர்களும் படியோரம் நின்று கேட்பார்கள். கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் நாங்கள் திரும்பிய நாட்களும் உண்டு; அதற்காக அவர் ஒருபோதும் முகம் சுளித்ததில்லை. பொழுது சாயுமுன் வீடு சேர்ந்து உண்ண வேண்டுமாதலின், இரண்டாம் பக்கத்தைக் கேட்க நேரமின்றி ஓடிவந்த ஏக்கம் இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

வாங்கிய தட்டைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது அவர் தவறாமல் ஒன்று சொல்வார்: "அரக்குத் தட்டு ஐயா. வெயில் பட்டால் வளையும், கீழே விழுந்தால் உடையும்." பேருந்தில் அதனை என் மடியில் குழந்தையைப்போல் வைத்துக் காத்து வருவேன். அரக்கு என்னும் அச்சொல்லை ஒவ்வொரு முறையும் கேட்டோம். அரக்கு எதிலிருந்து கிடைக்கிறது என்று ஒரு முறையும் கேட்டோமில்லை.

அரக்கை மரத்தின் பிசின் என்று கருதுவோர் பலர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். பிற்காலத்தில் படித்தறிந்தபோது நெஞ்சம் துணுக்குற்றது. இலந்தை, புரசு முதலிய மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டி, சாறுண்டு வாழும் மிகச் சிறிய பூச்சிகள் தம் உடலைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் காப்பே அரக்கு. கிளையை வெட்டி, அரக்கைச் சுரண்டி, நொறுக்கிக் கழுவும்போது உள்ளிருக்கும் உயிர்களும் அழிந்துபோகின்றன. இவ்வரக்கைக் கல்தூளோடும் கரித்தூளோடும் கலந்து, சூட்டில் அழுத்தி வார்த்தவையே நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அந்நாளைய இசைத்தட்டுகள். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் 1928இல் தொடங்கிய ஆலையில் நம் நாட்டுத் தட்டுகள் பெருமளவில் உருவாயின. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு அரிதாகவே, 1942இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கைக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரட்டி உருக்கிப் புதியன செய்தார்கள். 1948இல் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆன நெடுந்தட்டு வெளிவந்தது. எனினும் எங்கள் கடைக்காரர் 1960களிலும் அரக்குத் தட்டுகளையே விற்றுவந்தார்.

பட்டை விலக்கிய எங்கள் இல்லத்தில் அரக்கு பெட்டி நிறைய இருந்தது. இதனை என்னென்பது?

அறியாமல் செய்ததில் குற்றமில்லை என்று அன்பர்கள் சிலர் எனக்கு ஆறுதல் கூறினர். அறியாமை இருவகைப்படும் என்பது என் எண்ணம். அறிவதற்கு வழியே இல்லாமை ஒன்று; வழியிருந்தும் கேளாமை மற்றொன்று. எங்களுடையது இரண்டாவது வகை. பட்டின் பிறப்பை விசாரித்த தந்தையார், தட்டின் பிறப்பை விசாரிக்கவில்லை. பட்டின்மேல் அவருக்கு ஆசையில்லை; இசையின்மேல் இருந்தது. ஆசை இருந்த இடத்தில் கேள்வி எழவில்லை. கொலைக்கு வேர் பிரமாதம் என்னும் கவனமின்மையே எனச் சமண நூல்கள் கூறுவதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. கவனமின்மை என்பது கண்ணை மூடிக்கொண்டு நடப்பது மட்டுமன்று. இனிமையானதைக் கேட்டுக்கொண்டே நடப்பதுமாகும்.

சில ஆண்டுகளுக்குமுன் பழம்பொருள் வணிகர் ஒருவர் அத்தட்டுகளுக்கு நல்ல விலை தருவதாகக் கூறினார். இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களுள் அரக்கு வாணிகத்தையும் நம் நூல்கள் வைத்துள்ளன. பழைய தட்டை விற்பது அரக்கு வாணிகமாகுமா என்று வழக்காடினால் இருபுறமும் வாதம் உண்டு. அழிந்த உயிருக்கு அதனால் புதிய தீங்கில்லை என்பது உண்மை. ஆயினும் அவ்வுயிர்களின் பேரால் ஆதாயம் பெற என் கை நீளவில்லை. உடைத்தெறியவும் மனம் ஒப்பவில்லை. உடைப்பதனால் ஓர் உயிரும் மீளாது, பாட்டும் அழிந்துபோகும். ஆகவே இசை ஆவணங்களைக் காக்கும் நூலகம் ஒன்றிற்கு விலையின்றி அளித்துவிட்டேன். அங்கே பாட்டுகளைக் கணினியில் பதிந்துகொண்டார்கள். பாடியவர் குரலுக்கு இனி அரக்கு வேண்டுவதில்லை.

காடுகளில் அரக்கெடுத்துப் பிழைக்கும் எளிய மக்களைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர்கள் வயிற்றுக்காக எடுத்தார்கள். நாம் செவிக்காக வாங்கினோம். கேட்க வேண்டிய கேள்வி வாங்கியவரிடமே இருந்தது. இன்றும் மினுக்கும் மிட்டாய்களிலும் சில மாத்திரைகளின் மேற்பூச்சிலும் மரச் சாமான்களின் மெருகிலும் அரக்கு இருக்கிறது. நமக்கு விருப்பமான பொருள் எதுவாயினும், அதனைக் கையில் எடுக்கும் கணத்தில், இது எதிலிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்போமாக. விருப்பமில்லாத பொருளைத் துறப்பது எளிது. அதனை நோன்பென்று சொல்லிக்கொள்வதும் எளிது.

அந்தக் கடை இன்றில்லை, தந்தையாரும் இல்லை. படியோரம் நின்று கேட்ட அம்மூன்று நிமிட அமைதியை நினைக்குந்தோறும் இன்னும் மனம் கனிகிறது. அந்நினைவை நான் விலக்கவில்லை. அதனோடு, தட்டைத் தாளில் சுற்றியபடியே கடைக்காரர் சொன்ன அந்த ஒரு சொல்லையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறேன். அவர் மறைக்கவில்லை, நாங்கள்தாம் கேளாதிருந்தோம்.