சட்டிக்குள் ஓர் ஆற்றங்கரை மரம்

ஒரு மரத்துக்கு எட்டு நாள் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஏழு நாள் ஊற்றினேன். ஊற்றாமல் விட்ட அந்த ஒரு நாள் இன்னும் என்னை விடவில்லை.

2023-ம் வருஷம் மே மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகரம். மற்றவர்கள் பேரக் குழந்தையைக் குளிப்பாட்டப் போவார்கள். எனக்கு அந்த வயது இன்னும் வரவில்லை, சும்மா போனேன். காலையில் அக்காவும் மச்சானும் ஆபீஸ் போய்விட்டால், அந்தத் தெருவில் நடமாடுகிற ஜீவன்கள் மூன்றே மூன்றுதான். நான், அணில், பக்கத்து வீட்டுப் பெரியவர்.

பெரியவருக்கு அப்போது 78 வயசு. பிளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகன் அரிஸோனாவில். வீட்டுக்குப் பின்னால் ஒரு மர பெஞ்ச், அதன் மேல் அகலமான ஒரு சட்டி, அதில் இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு மரம். தண்டு என் மணிக்கட்டைவிடத் தடிமன். கிளைகளில் அலுமினியக் கம்பி சுற்றியிருந்தது.

"போன்சாயா?" என்று கேட்டேன்.

"போன்சாய் ஆகணும்னு நான் ஆசைப்படறேன். அது இன்னும் சம்மதிக்கலை" என்றார்.

அது சில்வர் மேப்பிள். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காற்றடித்தால் மொத்த மரமும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்ட மாதிரி மின்னும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் அதை ஒட்டிய கனடாவுக்கும் சொந்தமான மரம். ஆற்றங்கரைகளில், வெள்ளம் வந்து வடிகிற தாழ்வான இடங்களில் தானாக வளரும். வளர்த்தி என்றால் அப்படி ஒரு வளர்த்தி! எழுபது, எண்பது அடிக்குச் சாதாரணமாகப் போய்விடும். அவசரமாக வளர்ந்ததற்கு உண்டான குணமும் இருக்கிறது. கிளைகளுக்கு உறுதி கிடையாது. புயல் வந்தால் முதலில் முறிவது இதுதான். வேர் மேலாக ஓடி நடைபாதையைப் பெயர்க்கும். சாக்கடைக் குழாயின் இணைப்பில் மயிரிழை விரிசல் கிடைத்தால் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும்.

பிறகு ஏன் ஊரெல்லாம் இதை நட்டார்கள்? அது ஒரு சோகக் கதை. அமெரிக்கத் தெருக்களில் ஒரு காலத்தில் எல்ம் மரங்கள் குடை பிடித்து நின்றன. 1930-ல் இதே ஒஹையோவில்தான் 'டச்சு எல்ம் நோய்' அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில பத்து வருஷங்களில் தெருத் தெருவாக எல்ம் செத்தது. காலி இடத்தைச் சீக்கிரம் நிழலால் நிரப்ப வேண்டும், விலையும் மலிவாக இருக்க வேண்டும்... சில்வர் மேப்பிளைக் கொண்டு வந்து நட்டார்கள். அது வளர்ந்து தன் சுபாவத்தைக் காட்ட ஆரம்பித்ததும், "இது குப்பை மரம்" என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்குப் பல நகரங்களில் தெருவோரம் இதை நடக்கூடாது. ஆற்றங்கரை மரத்தைச் சாக்கடைக் குழாய்மேல் நட்டது யார் குற்றம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம்ம பிளம்பர் பெரியவர் நாற்பது வருஷம் சம்பாதித்ததில் பெரும் பங்கு இந்த மரத்தால் வந்த பணம். குழாய்க்குள் இரும்புச் சுருளை விட்டு, வேரை வெட்டி வெட்டி எடுப்பார். "வேலை நேரத்தில் இதைத் திட்டாத நாள் கிடையாது. வீட்டுக்கு வந்தால் இதே மரத்தின் நிழலில்தான் உட்கார்ந்து பீர் குடிப்பேன்" என்றார். அவர் வீட்டு வாசலிலேயே ஒரு பெரிய சில்வர் மேப்பிள் இருந்திருக்கிறது.

2012 ஜூன் 29. அன்றைக்கு ஒஹையோ உட்படப் பல மாநிலங்களை ஒரு நேர்கோட்டுச் சூறாவளி துடைத்துக்கொண்டு போனது. நாற்பது லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் அறுந்தன. பெரியவர் வீட்டு மரம் நட்டநடுவே பிளந்து, பாதி அவர் வண்டிமேலேயே விழுந்தது. மீதிப் பாதியை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஏணி போட்டு ஏறி, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகர வாய்க்காலைச் சுத்தம் செய்திருக்கிறார். அங்கே, அழுகிய இலைச் சகதியில், இரண்டு அங்குலத்தில் வரிசையாகக் கன்றுகள்!

இந்த மரத்தின் விதைக்கு ஒரு விசேஷம் உண்டு. மற்ற பல மேப்பிள் விதைகள் இலையுதிர் காலத்தில் விழுந்து, குளிரெல்லாம் தூங்கி, அடுத்த வசந்தத்தில் முளைக்கும். சில்வர் மேப்பிளுக்கு அந்தப் பொறுமை இல்லை. மே மாதக் கடைசியில் இறக்கை கட்டின விதை சுழன்று சுழன்று விழும். விழுந்த இடத்தில் ஈரம் இருந்தால் உடனே முளைக்கும். காய்ந்தால் அவ்வளவுதான், செத்துவிடும். புயலுக்கு ஒரு மாதம் முன்பு தாய் மரம் கடைசியாக உதறிவிட்டுப் போன விதைகள் அவை. மற்றதையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றைத் தயிர் டப்பாவில் வைத்துக் கீழே கொண்டு வந்தார்.

தரையில் நட முடியாது. கீழே சாக்கடைக் குழாய் போகிறது. நாற்பது வருஷம் அதை வெட்டியவருக்குத் தெரியாதா? அதனால் சட்டி.

போன்சாய்ப் புத்தகங்களைப் புரட்டினால் சில்வர் மேப்பிள் பேச்சே பெரும்பாலும் இருக்காது. இருந்தால் "வேண்டாம்" என்றுதான் இருக்கும். ஜப்பானிய மேப்பிளின் இலை சின்னது, நறுக்கினால் இன்னும் சின்னதாகும். இதன் இலையோ கையகலம். காம்பு நீளம். கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம். கோடை ஆரம்பத்தில் எல்லா இலைகளையும் கிள்ளிவிட்டால் அடுத்து வருகிற இலை கொஞ்சம் சின்னதாக வரும்; காம்பு மட்டும் பிடிவாதமாக நீண்டுகொண்டே இருக்கும். பாடுபட்டு உருவாக்கிய கிளை திடீரென்று காய்ந்து போகும். "அதனாலதான் மரத்தையே பெரிசா வச்சுக்கிட்டேன். இலையைக் குறைக்க முடியலைன்னா தண்டைப் பெருக்கணும். கணக்கு சரியாயிடும்" என்றார். பி.காம் படித்த எனக்கு இந்தப் பாஷை உடனே புரிந்தது.

வருஷா வருஷம் வசந்தத்தில், மொட்டு விரிவதற்கு முன்னால், சட்டியிலிருந்து மரத்தை எடுத்து வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுவாராம். அதே வேர். அதே கை. முன்பு மணிக்கு இத்தனை டாலர் என்று வாங்கிக்கொண்டு வெட்டினது!

அக்காவுக்கு அந்த மரத்தைக் கண்டாலே ஆகாது. "பாவம்டா அது. எண்பதடி வளர வேண்டியதைக் கம்பி சுத்திக் கட்டிப் போட்டிருக்கார். வாஸ்துப்படி போன்சாய் வீட்டுல இருந்தா வம்சமே வளராது, தெரியுமா?" என்பாள். வாஸ்துவை விடுங்கள். 'பாவம்' என்கிற வார்த்தையை அவ்வளவு சுலபமாக விட முடியவில்லை. முல்லை தவிக்கிறதென்று தேரைக் கொடுத்த பாரியைப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த கூட்டம் நாம். கொடி படர இடம் கொடுத்தவன் வள்ளல் என்றால், மரத்தை வளரவிடாமல் நறுக்குகிறவன் யார்?

நான் எதிர்வாதம் செய்தேன். மரத்துக்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது. நமக்கு வலிக்கிற அர்த்தத்தில் அதற்கு வலிக்கிறது என்று சொல்ல ஆதாரம் கிடையாது. நீ வாராவாரம் மெஷின் வைத்துப் புல்லை வெட்டுகிறாய், அதற்குப் பாவம் பார்த்தாயா? கீரையை ஆய்கிறாயே? போதாக்குறைக்கு, வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவில் ஒரு வெள்ளைப் பைன் போன்சாய் இருக்கிறது. 1625-லிருந்து சட்டியில் வளர்கிற மரம். 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில், ஒரு மதிலின் மறைவில் நின்று பிழைத்தது. அதை வளர்த்த யமாகி குடும்பம் 1976-ல், குண்டு போட்ட தேசத்துக்கே அதைப் பரிசாகக் கொடுத்தது. குண்டில் தப்பிய கதையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. 2001-ல் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் பூங்காக்காரர்களுக்கே முழு விவரம் தெரிந்தது. நானூறு வருஷம் வாழ வைத்ததா கொடுமை?

அக்கா பதில் சொல்லவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் பெரியவருக்கு முட்டி ஆபரேஷன். ஆஸ்பத்திரியும் அப்புறம் உடற்பயிற்சி நிலையமுமாக எட்டு நாள். மரத்தை என்னிடம் ஒப்படைத்தார். காலையில் ஒரு தடவை, அடியில் தண்ணீர் வழிகிற வரைக்கும். வெயில் கடுமையென்றால் சாயங்காலம் இன்னொரு தடவை. சட்டியில் இருப்பது மண்ணே அல்ல, எரிமலைக் கல்லின் பொடிசுகள், தண்ணீர் நிற்காது. "இது ஆத்தங்கரை மரம், ஞாபகம் வச்சுக்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஊற்றினேன். சாயங்காலம் மறந்தேன். சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு நயாகரா கிளம்பிவிட்டோம். உலகத்திலேயே அதிகம் போட்டோ எடுக்கப்பட்ட தண்ணீரை ஒரு நாள் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டு நடுராத்திரி திரும்பினேன். ஞாயிறு காலைதான் பெஞ்சைப் பார்த்தேன். இலைகள் ஓரம் பழுப்பாகி, சுருட்டுப் போலச் சுருண்டிருந்தன. தொட்டால் நொறுங்கியது.

பத்தடி தள்ளி, வேலியோரம், யாரும் வைக்காமல் தானே முளைத்த ஒரு சில்வர் மேப்பிள் கன்று ஜம்மென்று நின்றது. அதற்கும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது வேரை இன்னும் ஆழமாக விட்டுத் தேடிக்கொண்டது. சட்டிக்குள் இருப்பதால் தேட முடியாது. தேடுகிற வேரைத்தான் வருஷா வருஷம் வெட்டியாகிறதே.

அக்காவிடம் நான் வாதாடியது தப்பான வழக்கு என்று அப்போதுதான் உறைத்தது. வெட்டுவதா, வெட்டாமல் இருப்பதா என்பது அல்ல விஷயம். ஒரு உயிரை, நாம் ஒரு நாள் வராவிட்டால் செத்துப்போகிற நிலைமைக்குக் கொண்டுவந்து வைக்கலாமா என்பதுதான் கேள்வி. கணக்குப் புத்தகத்தில் போன்சாயைச் சொத்துப் பக்கம் எழுதுகிறோம். விலைகூடச் சொல்கிறார்கள். உண்மையில் அது கடன் பக்கம் வர வேண்டியது. நாலு நூற்றாண்டு பைனைப் பற்றி நான் பெருமை அடித்தேனே... நாலு நூற்றாண்டில் அதற்கு ஒரு கோடைகூட யாரும் நயாகரா போகவில்லை என்றல்லவா அதற்கு அர்த்தம்?

இன்னொரு பக்கமும் யோசித்தேன். பெரியவர் ஏணியில் ஏறாவிட்டால் அந்தக் கன்று தகரத்தில் காய்ந்து செத்திருக்கும். அதன் வாழ்நாள் முழுக்க அவர் கொடுத்தது. அப்படியானால் இஷ்டப்படி வளைக்க அவருக்கு உரிமை உண்டா? எனக்குச் சம்மதமில்லை. காப்பாற்றியவனுக்கு உரிமை வரும் என்று ஒப்புக்கொண்டால், பஞ்ச காலத்தில் அரிசி கொடுத்தவன் கொத்தடிமை எழுதி வாங்கியதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 'உன்னைப் பெத்து வளர்த்தேனே' என்று நானே என் பையனிடம் சொல்லியிருக்கிறேன், அவன் பி.காம் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். காப்பாற்றியவனுக்கு மிஞ்சுவது வேலைதான். தினமும், விடாமல், சம்பளமில்லாத வேலை.

பெரியவர் கைத்தடியோடு திரும்பி வந்ததும் உண்மையைச் சொன்னேன். மணல் கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரி மரத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நிழலுக்கு நகர்த்து. காஞ்ச இலையைப் பிய்க்காதே, அதுவா விழட்டும்" என்றார்.

நான் ஊருக்குக் கிளம்புகிற வாரம் துளிர் வந்தது. புது இலைகள் பழசில் பாதி அளவுதான்! "பத்து வருஷமா நான் முயற்சி பண்ணினதை நீ ஒரே நாள்ல சாதிச்சுட்டே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிளை துளிர்க்கவே இல்லை.

"உங்களுக்கு அப்புறம் இது?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் அதை யோசிக்காமல் இல்லை. மகன் இருப்பது பாலைவனம். இந்த மரத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், அரிஸோனா வெயில் ஆகாது. போன்சாய்ச் சங்கத்துக்காரர்கள் மரியாதையாகத்தான் பேசுவார்கள், ஆனால் இந்த ஜாதி மரத்தை அவர்கள் விரும்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"ஆத்தங்கரையில நட்டுடலாமே? விடுதலை!" என்றேன். கொலம்பஸ் வழியாக இரண்டு ஆறுகள் ஓடுகின்றன. இரண்டின் கரைகளிலும் இந்த மரம் இருக்கிறது. சட்டி மரத்தைத் தரையில் வைத்தால் நாலைந்து வருஷத்தில் கம்பித் தழும்புகூடத் தெரியாமல் வளர்ந்துவிடும்.

"பிழைச்சுக்கும். முதல் கோடையில மட்டும் யாராவது தண்ணி ஊத்தணும், வேர் இறங்கற வரைக்கும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் அதுக்கு நான் வேண்டாம். அதுதான் சங்கடம். யாருக்குன்னு கேக்காதே" என்றார்.

2024 மார்ச்சில் அக்கா போன் செய்தாள். பெரியவருக்கு இன்னொரு முட்டியிலும் வலி, குனிய முடியவில்லை. சேரில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல, அக்காவே சட்டியிலிருந்து மரத்தை எடுத்து வேரை வெட்டினாளாம்.

"நீதானே பாவம்னே?" என்றேன்.

"இப்பவும் பாவம்தான்" என்றாள். "வெட்டலைன்னா சட்டிக்குள்ளயே வேர் சுத்திச் சுத்தி செத்துடுமாம். என்ன பண்றது, சொல்லு? சரி, வைக்கறேன். வேரைக் காத்துல விட்டுட்டுப் பேசிட்டிருக்கேன்."