இரண்டு கடன்

"ஏன் அண்ணி, ஒரு நாய்க்கு 38,000 ரூபாயா?" என்று கேட்டாள் என் நாத்தனார்.

கேட்ட குரலில் குத்தல் இல்லை. உண்மையான ஆச்சரியந்தான் இருந்தது. அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. குத்தலாகக் கேட்டிருந்தால் நானும் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரமாக அந்தக் கேள்வி மனத்தில் கிடந்து புரளுகிறது. கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. விடை தெரியாத கேள்வியை ஒரு பாத்திரத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். கட்டுரையில் அப்படித் தப்ப முடியாது.

எங்கள் ரோஸிக்கு எட்டு வயது. ஜாதி நாய் இல்லை. என் மகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், மழை நாளொன்றில் வாய்க்கால் ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அவன் இப்போது கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். ரோஸி எங்களிடம் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள், வீட்டு வேலை செய்யும் செல்லம்மா வாசல் தெளித்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, ரோஸி ரெண்டு நாளா தண்ணியா குடிச்சுத் தள்ளுது. சோத்தைத் தொடவே இல்லை. வயிறும் உப்பின மாதிரி இருக்கு."

"வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். தொடர்கதையின் அத்தியாயம் ஒன்று பாதியில் நின்றிருந்தது.

மறுநாள் இரவு பதினொரு மணிக்கு ரோஸி வாந்தி எடுத்தது. எழுந்து நிற்கப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கடையைச் சாத்திக்கொண்டு போயிருந்தார். இராத்திரி முழுவதும் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலை ஒன்று இருப்பதாகத் தெரிந்துகொண்டு, நானும் என் கணவரும் ஆட்டோவில் ஏறினோம்.

அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார். கர்ப்பப்பை முழுவதும் சீழ். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு, நடு வயதைத் தாண்டிய பிறகு, பருவம் வந்து போன சில வாரங்களில் இது வருவதுண்டாம். கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே கசிந்து, வீட்டார் கண்ணில் பட்டுவிடும். மூடியிருந்தால் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. உள்ளேயே உடைந்து இரத்தத்தில் விஷம் ஏறிவிடக் கூடும். "காலை வரை தாங்காது. இப்போதே எடுத்துவிட வேண்டும்" என்றார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "சின்ன வயதிலேயே கருத்தடை ஆபரேஷன் செய்திருந்தால் இது வந்தே இருக்காது."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் டாக்டர் அதைச் சொன்னபோது, "வாயில்லா ஜீவன் மேல் கத்தி வைப்பதா?" என்று மறுத்தவள் நான். அன்று என் ஜீவகாருண்யத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த பணத்தைக் கட்டினோம். காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். விடியற்காலையில் ரோஸி கண்ணைத் திறந்து வாலை ஒரு தடவை அசைத்தது.

அன்று செல்லம்மா வந்தவுடன் கேட்டாள்: "என்னம்மா எடுத்தாங்க?"

"கர்ப்பப்பையை."

விளக்குமாற்றோடு ஒரு கணம் நின்றாள். "எனக்கும் அதைத்தாம்மா எடுக்கணும்னு பெரியாஸ்பத்திரியிலே சொல்லியிருக்காங்க. கட்டி இருக்காம். நாலு மாசம் ஆச்சு."

"ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?"

"காசுக்கு இல்லைம்மா, அங்கே சும்மாதான் பண்ணுவாங்க. ஒன்றரை மாசம் குனிஞ்சு நிமிரக் கூடாதாமே. நாலு வீட்டு வேலை. நின்னுட்டா வேற ஆளை வெச்சுடுவாங்க." பிறகு சாதாரணமாக, "ரோஸிக்குக் கஞ்சி வெச்சுடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

அந்த நாலு வீட்டில் என் வீடும் ஒன்று. நாயின் நோயை நான் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தவள் அவள். அவள் நோயை நான் பார்க்கவே இல்லை.

மிருக வைத்தியம் நாய்க்காகப் பிறந்த சாஸ்திரம் இல்லை. 1761-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில், கிளாத் பூர்ஷெலா என்பவர் முதல் மிருக வைத்தியப் பள்ளிக்கு வழி செய்தபோது, அதற்குத் தூண்டுதலாக இருந்தவை குதிரைகளும், கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்த மாடுகளும்தாம். நம் சென்னையில் 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்குப் போன கல்லூரிக்கும் முதல் கவலை மாடும் குதிரையுந்தான். உழுகிற மாட்டுக்கும் வண்டி இழுக்கிற குதிரைக்கும் மருந்து கொடுப்பதில் கணக்கு இருக்கிறது. ஒரு காசு சம்பாதித்துத் தராத வீட்டு நாய்க்கு இன்று எலும்புக்கு ஒரு நிபுணர், கண்ணுக்கு ஒரு நிபுணர், இருதயத்துக்கு ஒரு நிபுணர் என்று வந்திருக்கிறார்கள். நாய்க்கு டயாலிசிஸ்கூடச் செய்கிறார்கள். பிரயோஜனம் பார்த்துப் பிறந்த சாஸ்திரம் பாசத்தின் வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது. இதை நான் சீரழிவு என்று நினைக்கவில்லை.

ஆனால் என் நாத்தனார் கேட்டதற்கு இது பதிலாகாது. அந்தப் பணத்தில் ஓர் ஏழைக்கு உதவியிருக்கலாமே என்பதுதான் அவள் கேள்வியின் உட்பொருள்.

நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். அன்றிரவு ரோஸி இறந்திருந்தால் அந்த 38,000 ரூபாய் என்ன ஆகியிருக்கும்? சுவரில் சுண்ணாம்பாக ஏறியிருக்கும். நாய்க்குச் செலவழிக்காத பணம் தானாக நடந்து ஏழையின் வீட்டுக்குப் போவதில்லை. வந்த அலமாரிக்கே திரும்பிப் போகிறது. ஒருவர்மேல் இரக்கம் காட்டாமல் இருப்பது இன்னொருவர்மேல் காட்டிய இரக்கம் ஆகிவிடாது.

லண்டனில் மரியா டிக்கின் என்று ஓர் அம்மாள் இருந்தார். கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்களைப் பார்த்து உதவப் போன இடத்தில், அவர்களோடு கிடந்த நோய்ப்பட்ட பிராணிகளும் அவர் கண்ணில் பட்டன. 1917-இல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், வைட்சாப்பல் பகுதியில் ஒரு நிலவறையில், ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தார். யுத்த காலத்தில் நாய்க்கும் கழுதைக்கும் வைத்தியமா என்று எவரும் கேட்டிருக்கலாம். ஆனால் கழுதையை வைத்துப் பிழைத்தவனுக்கும், நாய் ஒன்றே துணையாக இருந்த கிழவிக்கும் அது தங்களுக்குச் செய்த உதவியாகவே பட்டிருக்கும். ஏழைகளைப் பார்த்த கண்தான் பிராணிகளையும் பார்த்தது. எனக்கு வாய்த்ததோ பாதிப் பார்வை.

நாயைப் பற்றிப் பேசினால் நம்மவர்களுக்குத் தருமபுத்திரர் நினைவு வராமல் இராது. நாயை விட்டுவிட்டு ரதத்தில் ஏறு என்று இந்திரன் சொன்னபோது அவர் மறுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குமேல் இந்திரன் கேட்ட கேள்வியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. தம்பிகளையும் திரௌபதியையும் வழியில் விட்டுவிட்டு வந்த நீ, ஒரு நாயை விட ஏன் தயங்குகிறாய் என்று கேட்கிறான். என் நாத்தனார் கேட்ட கேள்வியேதான் அது. அவர்கள் இறந்துவிட்டார்கள், மீட்க என்னால் ஆகவில்லை. உயிரோடு இருந்தவரை நான் அவர்களைக் கைவிடவில்லை என்கிறார் தருமபுத்திரர்.

அவருக்கு அந்தப் பதில் இருந்தது. எனக்கு இல்லை. செல்லம்மா உயிரோடு என் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான். ரோஸிக்குச் செய்ததைத் தருமம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. தெருவில் தானே பிழைத்திருக்கக் கூடிய ஒரு பிராணியைக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, நம் கையைப் பார்த்தே வாழும்படி செய்தோம். அப்படிச் செய்துவிட்ட பிறகு அதன் உயிர் நமக்குக் கடன். பதினோரு வருஷமாக ஒருத்தியின் காலை வேளைகளை வாங்கிக்கொண்டிருக்கிறேனே, அது மட்டும் கடனாகாமல் போகுமா? மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்துவிடுகிறேன், அதோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

இன்னொன்று. ரோஸியின் நோய் நடு இராத்திரியில் வாந்தியாக வந்து என்னை எழுப்பியது. செல்லம்மாவின் நோய் பகலில் வந்து பாத்திரம் துலக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவசரம் என்றால் நம் கை தானாக நீளுகிறது. காத்திருக்கும் நோய்க்கு யாரும் ஆட்டோ பிடிப்பதில்லை.

செல்லம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நீ போய்ச் சேர்ந்துவிடு. ஒன்றரை மாதச் சம்பளமும் வந்துவிடும். உன் இடத்தில் வேறு ஆளை வைக்கமாட்டேன்." மற்ற மூன்று வீடுகளுக்கும் நானே போய்ப் பேசினேன். இரண்டு வீட்டார் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் சேருகிறாள்.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஒன்றரை மாதச் சம்பளம் தருகிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று என் மனம் ஒரு பக்கம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிரவு ரோஸிக்காகக் கையெழுத்துப் போட்டபோது அந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை.