அறிவு தானமா, கடனா?

பயிரைப் பற்றிய அறிவைப் பொதுமக்களுக்குச் சொல்வதை வித்தியாதானம் என்று போற்றுகிறோம். தானம் கொடுப்பவரின் விருப்பம். கடனோ கொடுத்தே தீரவேண்டியது. இலங்கையின் டிக்கோயா தேயிலை மலைகளைப் பார்த்தால் இது கடன் என்பது தெளிவாகும். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அருகே தலவாக்கலையில்தான் இயங்குகிறது. ஒற்றை இலையோடு நறுக்கிய தண்டு வேர்விட்டு, தாய்ச்செடியின் குணத்தை அப்படியே பெறும் என்ற அறிவு, நட்டு, நீரூற்றி, கவ்வாத்து வெட்டிய கைகளால்தான் மலையெங்கும் பச்சையாயிற்று. உழைப்பைத் தந்தவர்க்கு அறிவிலும் பங்குண்டு.

கொழுந்து பறிப்பவர்க்கு விஞ்ஞானம் விளங்குமா, அரைகுறை அறிவு ஆபத்தல்லவா என்று கேட்பார்கள். விளங்காவிட்டால் அது சொல்பவரின் குறை. இலங்கையில் 1869இல் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகத் துருநோய் தெரிந்தது. அது பூஞ்சண வித்துகளால் பரவுவதை தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் 1880க்குப் பிறகே ஆராய்ந்து விளக்கினார். அதற்குள் கோப்பியைக் காக்கும் காலம் கடந்துவிட்டது. அப்படியொரு பொடியை முதலில் காணக்கூடியது ஆய்வுக்கூடமல்ல, செடியருகே நிற்கும் கண்தான். அந்தக் கண்ணுக்கு அறிவை மறைப்பது பயிருக்கே செய்யும் தீங்கு. அரைகுறை அறிவுக்கு மருந்து நிறைந்த அறிவே, மௌனமல்ல. நாளைய சோற்றைத் தேடும் ஆராய்ச்சிக்கும் இதுவே அறம்: உண்பவரும் உழைப்பவரும் அறியாத உண்மை பாதி உண்மைதான்.