நேர்ந்துகொண்டவர் ஒருவர், கொடுத்தவர் வேறொருவர்

திருச்சி தெப்பக்குளத்தருகே நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766-ல் எழுந்தது. எழுப்பியவர் கிறிஸ்டியன் ஃப்ரெடரிக் சுவார்ட்ஸ். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தவர், திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியம் செய்து 1798-ல் தஞ்சாவூரில் இறந்தார். இடைப்பட்ட நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. அதே தெப்பக்குளத்தை ஒட்டிப் பின்னாளில் புனித வளனார் கல்லூரியை நிலைநிறுத்திய இயேசு சபைக் குருக்களுக்கும் மனைவி மக்கள் கிடையாது. இவர்கள் தங்கள் கடவுளுக்குக் கொடுத்தது சொந்த வாழ்க்கையை. அதைக் கொடுக்க அவர்களுக்கு உரிமை இருந்தது.

குடும்பத்தோடு வந்தவர்களின் கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொள்பவர் தன் தலைமுடியைக் கொடுக்கலாம், தன் நடையைக் கொடுக்கலாம். பிள்ளையின் பெயரில் நேர்ந்துகொண்டால் மொட்டை பிள்ளைக்குத்தான். அயல்நாட்டில் ஊழியம் செய்யப் புறப்படும் தாய் தகப்பனுக்கும் இதே சிக்கல் உண்டு. அழைப்பு வந்தது அவர்களுக்கு. தாத்தா பாட்டியை, தாய்மொழியை, பள்ளித் தோழர்களை, சில சமயம் தாய் தகப்பனையே விட்டுப் பிரிவது பிள்ளை. தன் இலட்சியத்துக்கான விலையில் ஒரு பங்கைத் தன் பிள்ளை மீது சுமத்தலாமா?

அப்படிச் சுமத்த வேண்டிய கட்டாயமில்லை என்று காட்டும் குடும்பம் ஒன்று இதே வட்டாரத்தில் வாழ்ந்தது. ஜோஹன் பால்தசார் கோல்ஹாஃப் 1737-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் மகன் ஜான் காஸ்பர் 1762-ல் அங்கேயே பிறந்தார். சுவார்ட்ஸின் பொறுப்பில் வளர்ந்து, 1787-ல் குருப்பட்டம் பெற்று, 1844-ல் இறக்கும்வரை தஞ்சைப் பகுதியில் உழைத்தார். பேரன் கிறிஸ்டியன் சாமுவேல், கொள்ளிடத்துக்கு வடக்கே இருங்களூரில் ஊழியம் செய்து 1881-ல் மறைந்தார். மூன்று தலைமுறைகள், ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம். இரண்டாம் தலைமுறைக்கே ஐரோப்பாதான் அயல்நாடு. இதையும் முழுச் சுதந்திரம் என்று சொல்லிவிட முடியாது. தகப்பன் செய்த வேலையைத் தவிர வேறு கதவுகள் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு திறந்திருந்தன என்று கேட்க இடமுண்டு. ஆனாலும் கடல் கடந்த பிரிவு என்ற விலையை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல் பயணம் மாதக்கணக்கிலிருந்து வாரக்கணக்காகச் சுருங்கியது. பயணம் எளிதானால் குடும்பங்கள் நெருங்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்புவது எளிதானதால் அதுவே வழக்கமாக ஊன்றிவிட்டது. அதற்கென்றே பள்ளிகளும் இருந்தன. லண்டன் பக்கத்தில் மிஷனரிகளின் பெண் பிள்ளைகளுக்காக 1838-லும் ஆண் பிள்ளைகளுக்காக 1842-லும் தனித்தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எரிக் லிடெல், சீனாவின் தியன்ஜின் நகரில் மிஷனரி வீட்டில் பிறந்தவர். ஆறு வயதில் அந்த ஆண்கள் பள்ளி விடுதியில் சேர்க்கப்பட்டார்.

திருச்சிக்கு மிக அருகில் நடந்த கதை பால் பிராண்டுடையது. துறையூர் தாண்டிப் புளியஞ்சோலையில் நின்றால் தலைக்கு மேலே எழும் கொல்லிமலையில்தான் அவர் 1914-ல் பிறந்தார். தகப்பன் ஜெஸ்ஸி, தாய் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்து, மலைமக்களுக்கு மருந்து கொடுத்து, வீடு கட்டக் கற்றுக்கொடுத்து, பிரசங்கமும் செய்தவர்கள். பாலுக்கும் தங்கை கோனிக்கும் தாய்தான் ஆசிரியை, மலைதான் விளையாட்டுத் திடல். 1923-ல், பாலுக்கு ஒன்பது வயதில், குடும்பம் இங்கிலாந்து போயிற்று. விடுப்பு முடிந்ததும் பெற்றோர் மட்டும் மலைக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் லண்டனில் அத்தைமார் வீட்டில் தங்கிப் படித்தார்கள். அதன்பின் தகப்பன் என்றால் கப்பலில் வரும் கடிதம்தான். 1929-ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். செய்தி தந்தியில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே அவர் எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பலில் மெதுவாக, ஒவ்வொன்றாக, இறப்புச் செய்திக்குப் பிறகும் மகனின் கைக்கு வந்துகொண்டிருந்தன.

பால் பிராண்ட் பின்னாளில் உலகறிந்த அறுவை மருத்துவரானார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையை வளர்த்தார். இதைச் சொல்லிப் பலர் வழக்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள்: பிரிவு வீண்போகவில்லை, மகன் தகப்பனை மிஞ்சினான், ஆகவே முடிவு சரி. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அவரும் 1870-ல் ராணிப்பேட்டையில் மிஷனரி வீட்டில் பிறந்து, அமெரிக்காவில் உறவினர் பொறுப்பில் விடப்பட்டு, மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர்.

இந்த வாதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. சாதித்த பிள்ளைகளுக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்படுகிறது. உடைந்துபோன பிள்ளைகளுக்கு யாரும் எழுதுவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில், மாமூ என்ற ஊரில், அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. அங்கே படித்தவர்கள் நடுவயதில் வாய் திறந்த பிறகுதான் சுதந்திரமான விசாரணைக் குழு அமைந்தது. அடியும் பாலியல் கொடுமையும் நடந்ததை அந்தக் குழு உறுதி செய்தது. இவ்வளவு காலம் அந்தப் பிள்ளைகள் ஏன் பேசவில்லை? இந்தக் கேள்விக்கான விடையில்தான் மிஷனரி வீட்டுப் பிள்ளையின் நிலை மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறது.

திருச்சி விமான நிலையத்திலிருந்து நாள்தோறும் தகப்பன்மார் வளைகுடாவுக்குப் போகிறார்கள். அவர்களும் பிள்ளைகளை விட்டுப் பிரிகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை கோபப்படலாம். ‘பணத்துக்காகத்தானே போனாய்’ என்று தகப்பன் முகத்துக்கு நேரே கேட்கலாம். அந்தப் பணத்தின் ஒரு பகுதி தன் பள்ளிக் கட்டணமாக வருவதும் அதற்குத் தெரியும். ஊழியக்காரரின் பிள்ளை யாரிடம் கோபப்படும்? போகச் சொன்னது கடவுள் என்கிறபோது, அழுவதே பாவம்போல ஆகிவிடுகிறது. அம்மா அங்கே நோயாளிகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, தனக்கு அம்மா வேண்டும் என்று கேட்பது சுயநலம் என்று எட்டு வயதுப் பிள்ளை நினைத்துவிடும். வழக்கு தொடுக்கவே முடியாத எதிராளியின் முன் பிள்ளையை நிறுத்துவதுதான் இதிலுள்ள தனி அநீதி.

பெற்றோர் பக்க நியாயத்தையும் முழு எடையோடு வைக்க வேண்டும். பிள்ளைக்காகப் பெரியவர்கள் முடிவெடுக்காத வீடு உலகில் இல்லை. மாற்றலாகிப் போகும் ரயில்வே ஊழியரும், எல்லைக்குப் போகும் ராணுவ வீரரும், மகனைச் சென்னை விடுதியில் சேர்க்கும் விவசாயியும் பிள்ளையின் சம்மதக் கையெழுத்து வாங்கிவிட்டு முடிவெடுப்பதில்லை. தன் பிள்ளையின் சௌகரியத்தைத் தவிர வேறெதையும் பெரிதாக எண்ணாத பெற்றோரிடம் வளர்வதும் ஒரு வகை இழப்புதான். கொல்லிமலையில் பிறர் புண்ணைக் கழுவும் தகப்பனைப் பார்த்தது பால் பிராண்டுக்குக் கிடைத்த கல்வி. அதை எந்த லண்டன் பள்ளியும் கொடுத்திருக்காது.

விட்டுப் போவதைப் போலவே உடன் அழைத்துச் செல்வதும் ஆபத்தற்றதன்று. 1826 ஏப்ரல் 3 அன்று, திருச்சிக் கோட்டையில் சுவார்ட்ஸின் ஆலயத்துக்குப் போய்வந்த பிஷப் ரெஜினால்ட் ஹீபர், குளிக்க இறங்கிய குளத்திலேயே 42 வயதில் இறந்தார். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கல்கத்தாவில் விட்டு வந்திருந்தார். அதற்கு நேர்மாறானது, ஒடிசாவில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரஹாம் ஸ்டெயின்ஸின் கதை. அவர் பிள்ளைகள் ஊட்டியின் ஹெப்ரான் பள்ளியில் படித்தார்கள். வருடத்தின் பெரும்பகுதி பிரிந்திருக்கும் மகன்களை விடுமுறையில் தன்னோடு மனோகர்பூர் கிராமத்துக்கு அழைத்துப் போனார். 1999 ஜனவரியில், ஓர் இரவு, வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த மூவரையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. பிலிப்புக்குப் பத்து வயது, திமோத்திக்கு ஆறு. குற்றம் முழுவதும் கொன்றவர்களுடையது. பிள்ளைகளோடு இருக்க நினைத்த தகப்பன் மேல் அதில் ஒரு துளியையும் வைக்க முடியாது.

ஆகவே ‘விட்டுப் போவது தவறு, கூட்டிப் போவது சரி’ என்ற பிரிவினை உதவாது. வேறொரு பிரிவினை உதவும். பிள்ளையிடம் வசூலாகும் விலையில் எவ்வளவு ஊழியம் கேட்டது, எவ்வளவு வழக்கம் கேட்டது?

1923-ல் பிராண்ட் பிள்ளைகளுக்கு லண்டன் ஒன்றுதான் வழியா? கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-லேயே பள்ளி தொடங்கியிருந்தார்கள். கொல்லிமலையிலிருந்து ஓரிரு நாள் பயணம். கோடையில் பெற்றோரே மலையேறிப் பிள்ளைகளோடு தங்குவது அந்தப் பள்ளியின் வாழ்க்கைமுறை. ஆனால் அக்கால ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பிள்ளை ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், ஆங்கில உச்சரிப்பு வேண்டும், இந்தியாவிலேயே வளர்ந்தால் ‘கெட்டுப்போகும்’ என்ற நினைப்பு இருந்தது. இவற்றில் எதையும் நோயாளிகளோ மலைமக்களோ கேட்கவில்லை. கடவுள் கேட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. கோல்ஹாஃப் குடும்பம் இவை இல்லாமலே மூன்று தலைமுறை ஊழியம் செய்தது. பிள்ளை அழுதபோது மட்டும் பழி முழுவதும் ஊழியத்தின் மேல் ஏற்றப்பட்டது.

இது வெள்ளைக்காரர் கதை மட்டுமன்று. 1903-ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தமிழ்க் குடும்பங்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது. பின்னால் வடமாநிலங்களுக்குப் போன தமிழ் ஊழியர்களின் பிள்ளைகள் டோனாவூர் போன்ற இடங்களில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். பிள்ளை தென்கோடியில், அம்மா அப்பா வடக்கே.

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், கதை வேறு வடிவம் எடுக்கிறது. இங்கிருந்து அயல்நாடு போகிறவர்கள் போவது மதம் பரப்ப அன்று, கைங்கர்யத்துக்கு. நியூயார்க்கின் ஃப்ளஷிங்கில் 1977-ல் பிள்ளையார் கோயில் குடமுழுக்குக் கண்ட காலத்திலிருந்து, அமெரிக்காவில் எழும்பிய கோயில்களுக்கு ஆகமம் தெரிந்த அர்ச்சகர்கள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கான சமயப் பணியாளர் விசா முதலில் முப்பது மாதங்களுக்குக் கிடைக்கும், நீட்டித்தாலும் மொத்தம் ஐந்து ஆண்டுகள். உடன் போகும் மனைவி அங்கே வேலை பார்க்கக்கூடாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம். எட்டு வயதில் போகும் பிள்ளை, நிரந்தர வசிப்புரிமைக்கு வழி பிறக்காவிட்டால், பதின்மூன்று வயதில் திரும்பி வந்து ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் புதிதாகத் திறக்கும். பெருமாளுக்குச் செய்யும் தொண்டு இந்த அலைச்சலைக் கேட்கவில்லை. விசாச் சட்டமும் கோயில் நிர்வாகம் போடும் ஒப்பந்தமும் கேட்கின்றன.

வேறு வழியே இல்லாத பிரிவு எப்படியிருக்கும் என்பதையும் ஸ்ரீரங்கம் அறியும். பதினான்காம் நூற்றாண்டில் டெல்லிப் படை கோயிலுக்குள் புகுந்தபோது, சுதர்சன சூரி தன் இரண்டு மகன்களையும் தன் உரைநூல் சுவடியையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்படைத்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. தேசிகர் பிணங்களுக்கிடையே ஒளிந்திருந்து, அவர்களைக் கர்நாடகத்தின் சத்தியகாலம் வரை கொண்டு சேர்த்தாராம். அந்தத் தகப்பனை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். வாளின் முன் எடுத்த முடிவையும் பயணச் சீட்டு எடுத்து நிதானமாகச் செய்த முடிவையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

1989-ல் உருவாகி 1992-ல் இந்தியாவும் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, பிள்ளையைப் பற்றிய முடிவுகளில் அதன் நலனை முதன்மையாகக் கருதவும், வயதுக்கேற்ப அதன் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கவும் சொல்கிறது. இதைப் பிள்ளையின் கையில் கொடுத்த தடையாணை என்று பயப்பட வேண்டியதில்லை. அனுப்பும் சபையும் அழைக்கும் கோயில் நிர்வாகமும் சம்பளம், தங்குமிடம் பற்றி எழுதும் தாளிலேயே பிள்ளையின் பள்ளி, ஆண்டுக்கொரு பயணச் செலவு, பாதியில் திரும்ப வேண்டிவந்தால் அபராதமின்றித் திரும்பும் உரிமை ஆகியவற்றையும் எழுதலாம். விடுதிக்கு அனுப்பினால், புகார் கேட்க அந்த நிறுவனத்தைச் சேராத ஒருவர் இருக்க வேண்டும். இவை எழுதப்படாத இடத்தில், விலையில் பெரும்பகுதி நிர்வாகச் சோம்பலின் விலைதான்.

அப்படியெல்லாம் கழித்த பிறகும் ஏதோ ஒரு மிச்சம் நிற்கும், அது உண்மையிலேயே ஊழியத்தின் விலை. அதற்குத் தள்ளிப்போடுவது ஒரு வழி. ஈவ்லின் பிராண்ட் மிஷன் சங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான், ஏறக்குறைய எழுபது வயதில், தன் பொறுப்பில் மறுபடி மலையேறினார். 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை கொல்லிமலையையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் சுற்றி வந்தார். பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், அந்த ஆண்டுகளுக்கு யாருடைய பால்யமும் செலவாகவில்லை. ஜெஸ்ஸிக்கு இந்த வழி கிடைத்திருக்காது. பிள்ளைகள் வளரட்டும் என்று அவர் காத்திருந்தால் கொல்லிமலை அவரைப் பார்த்தே இருக்காது. அவரைப் போன்றவர்கள் போகட்டும், பிள்ளைகளோடு போகட்டும். லண்டனுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் நாள் வரும்போது, அந்த முடிவைக் கடவுளின் பெயரில் எழுதாமல் தங்கள் பெயரில் எழுதட்டும். அப்போது பிள்ளைக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைப்பார், ‘மன்னித்துவிடு’ என்று சொல்லக்கூடிய ஆள்.