பாடம் தங்கும் இடம்

ஒரு பாடத்தொகுதியின் கோப்புகளைத் தரவிறக்கிச் சேமிக்குமாறு செயற்கை நுண்ணறிவு முகவரைப் பணித்த நான், அவை தங்கவேண்டிய இடத்தை அமைப்புக் கோப்பில் முழுப் பாதையாக எழுதாமல் 'பாடங்கள்' என்னும் சார்புப் பாதையாக மட்டுமே எழுதியிருந்தமையால், அது தான் அப்போது இயங்கிக்கொண்டிருந்த கோப்புறைக்குள்ளேயே புதியதொன்றைச் சிருஷ்டித்து, அனைத்தையும் அங்கே இட்டுவிட்டது. பாதையைத் திருத்தி மீண்டும் பணித்ததும் கோப்புகள் உரிய இடத்தில் அமைந்தன. ஆயினும், கல்வி உண்மையில் எங்கே தங்குகிறது என்ற வினா என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

எழுத்துக்கலையைக் கொணர்ந்த தியூத் என்னும் தெய்வத்தை நோக்கி, அக்கலை ஞாபகத்தை வளர்க்காது, மறதியையே விளைவிக்கும் என்று எகிப்திய மன்னன் தாமுஸ் மறுத்துரைத்ததாக, பிளேட்டோவின் 'பீட்ரஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு கதை கூறுகிறார். பிருகதாரண்யக உபநிஷத்தில் யாக்ஞவல்கியரோ, ஆத்மாவை அறியும் வழியாகச் சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்னும் மூன்று படிகளை மைத்ரேயிக்கு உபதேசிக்கிறார். கேட்டது சிந்தனையில் ஊறித் தியானத்தில் நிலைத்தாலன்றி ஞானமாவதில்லை.

ஆகவே, ஏட்டையோ இயந்திரத்தையோ நிந்திப்பதற்கில்லை. சேமிக்கும் தொழிலை முகவர் நமக்காகச் செவ்வனே செய்யலாம். மனனத்தை நமக்காகச் செய்வார் எவருமிலர். கோப்புக்குக் காட்டிய பாதை கோப்புறையோடு முடிகிறது. கல்வியின் பாதை அங்கிருந்தே தொடங்கி, அந்தக்கரணத்தில் சென்று முடிகிறது.