தோற்கக் கற்பது

மத்தியகால ஐரோப்பாவின் பள்ளிகளில் மாணவன் முதலில் கற்றவை மூன்று: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை. மூன்று சாலைகள் கூடுமிடம் என்று லத்தீனில் இதற்குப் பெயர். கணிதமும் வானவியலும் இசையும் பிறகுதான். வரிசை எங்கும் ஒன்றாக இருந்ததில்லை. தர்க்கத்தைக் கடைசியில் வைத்தவர்களும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் மார்ட்டியானஸ் கப்பெல்லா தந்த வரிசையில் சொல்வன்மை தர்க்கத்துக்குப் பின்னால் வருகிறது. இதுவே சரி என்று எனக்குப் படுகிறது. காரணம் பாடத்திட்டம் சார்ந்தது அல்ல.

இலக்கணம் பிழையைக் காட்டும். சொல்வன்மை வெல்வதற்குக் கற்றுத்தரும். தோற்பதற்குக் கற்றுத்தருவது தர்க்கம் ஒன்றுதான். முடிவு எனக்கு எவ்வளவு உவப்பானதாக இருந்தாலும், காட்டிய காரணம் அதைத் தாங்கவில்லை என்றால் நான் அதைக் கைவிட்டாக வேண்டும். இதை அறிவுப் பயிற்சி என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியவில்லை.

384இல் அகஸ்டின் மிலானில் சொல்வன்மை ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அரசவை அப்போது அந்த ஊரில் இருந்தது. சக்கரவர்த்தியைப் புகழ்ந்து உரை நிகழ்த்துவதும் அவர் வேலையில் சேர்ந்தது. அப்படியொரு உரையைத் தயாரித்த நாட்களைப் பற்றி ‘ஒப்புதல்கள்’ நூலில் எழுதுகிறார். உரை நெடுகப் பொய்கள். அவை பொய் என்று தெரிந்தவர்களே தன்னைப் பாராட்டப் போகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். பேசுபவன் பொய் சொல்வது பழைய சங்கதி. தெரிந்தே கைதட்டும் சபைதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அங்கே யாரும் ஏமாறவில்லை. எது உண்மை என்ற கேள்வியே எழாதபடி எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

386இல் அகஸ்டின் அந்தப் பதவியை விட்டார். ஆனால் எழுபது கடந்த வயதில், கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் நூலின் கடைசிப் பகுதியில், சொல்வன்மையைத் திரும்ப அழைத்துக்கொள்கிறார். பொய்யின் தரப்பில் நிற்பவர்கள் அதைக் கற்றிருக்கும்போது உண்மையின் தரப்பு மட்டும் ஏன் நிராயுதபாணியாக நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். கெட்டிக்கார வாதம், எனக்குத் திருப்தி இல்லை. ஆயுதம், ஏந்துகிறவனின் நம்பிக்கையை மாற்றுவதில்லை. பழகிய நாக்கு மாற்றிவிடுகிறது. அழகாகச் சொல்ல வந்துவிட்ட ஒன்றை, நிரூபித்தும் விட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இந்த ஆபத்தை உணர்ந்த ஒரு வரிசை தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலை வஞ்சியில் பல சமயத்தாரின் வாதங்களையும் கேட்டு எதிலும் நிலைகொள்ளாமல் காஞ்சிக்கு வருகிறாள். பஞ்சத்தில் வாடும் அந்த நகரத்தின் பசியை அமுதசுரபியால் ஆற்றுகிறாள். இதற்குப் பிறகும் அறவண அடிகள் அவளுக்கு உடனே தர்மம் சொல்லிவிடவில்லை. 29ஆம் காதையில் அளவை கற்பிக்கிறார்: பக்கம், ஏது, எடுத்துக்காட்டு, பிறகு இவை ஒவ்வொன்றின் போலிகள். மலையில் புகை, ஆகவே நெருப்பு, அடுக்களையில் போல. பிறவி அறுக்கும் நோன்பு 30ஆம் காதையில்தான் வருகிறது. இந்தக் காதையில் கவிதை இல்லை என்று நம்மவர்கள் தாண்டிப் போவது வழக்கம். கவிதை இல்லைதான். ஆனால் ஊருக்கே சோறு போட்ட கருணையுள்ள ஒருத்திக்கும் போலிக் காரணத்தை இனம் காணத் தெரிந்திருக்க வேண்டும் என்று சாத்தனார் நினைத்திருக்கிறார். கருணை போதும் என்று அவர் விட்டுவிடவில்லை.

அந்தப் போலிகளில் ஒன்று அசித்தம். காரணமாகக் காட்டுவதே இன்னும் நிறுவப்படாமல் இருப்பது. நம் பத்திரிகைகளின் மதிப்புரைப் பக்கங்களைப் புரட்டினால் உதாரணத்துக்கு அடுக்களை வரை போக வேண்டியதில்லை. “இந்தக் கவிதைகளில் ஜீவன் இல்லை, ஏனெனில் இவை வெறும் வார்த்தைக் கோவைகள்” என்ற மாதிரி வாக்கியத்தை நாம் எல்லோரும் எழுதியும் படித்தும் இருக்கிறோம். வெறும் வார்த்தைக் கோவை என்பதற்கு என்ன ஆதாரம்? அது காட்டப்படுவதில்லை. ‘ஜீவன்’ என்ற சொல்லின் கனத்தில் வாக்கியம் நின்றுவிடுகிறது. படிக்கும் நாலு பேரும் தலையாட்டுகிறோம். எந்த வரியில், எப்படி என்று ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டால், அவர் எந்த கோஷ்டி என்றுதான் முதலில் விசாரிக்கிறோம்.