வாய்மூடி நிற்பது யார் குற்றம்?

கேடு வரப்போவதைக் கண்ணாற் கண்ட தொழிலாளி அதனை வெளியிடாது நின்றுவிடின், பின்விளையும் அழிவிற்கு அவனும் பொறுப்பாளியாவனோ என்பது ஆராயத்தக்க கேள்வியாகும். "கண்டும் சொல்லாதவன் குற்றவாளியே" என்று உடனே தீர்ப்பளிப்பாருளர். அஃது அவசரத் தீர்ப்பென்பதே நமது துணிபு.

ஞாயிறு மாலையில் ஜாலான் புசாரிலும் அதனையடுத்த சிராங்கூன் சாலையிலும் உலவுவோர், தமிழகத்தினின்றும் வங்காள தேசத்தினின்றும் வந்த கட்டடத் தொழிலாளர் பெருந்திரளாய்க் கூடியிருக்கக் காண்பர். அவர்தம் காலடியில், 2017-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி திறக்கப்பெற்ற நிலத்தடி இரயில் ஓடுகின்றது. இத்தகைய அரும்பெரும் வேலைகளின் அடியில் மறைந்து கிடக்கும் ஆபத்தை இவ்வட்டாரம் நன்கறியும்.

1986-ம் ஆண்டு மார்ச்சு 15-ந் தேதி, சிராங்கூன் சாலையில் ஓவன் சாலைக்கருகே நின்ற ஆறுமாடிக் கட்டடமொன்று ஒரு நிமிடத்திற்குள் இடிந்து, 33 பேரைப் பலிகொண்டது. கட்டடத்தின் சொந்தப் பளுவையே கணக்கிற் சேர்க்காது விட்டனரென விசாரணையில் வெளியாயிற்று. தூண்களில் முன்னரே வெடிப்புக்கள் தோன்றியிருந்தன, கண்டோரும் இருந்தனர்.

அதற்குப் பதினெட்டாண்டு கழித்து, 2004-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி, நிக்கல் நெடுஞ்சாலையோரம் இரயில் பாதைக்கெனச் சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டிய பள்ளம் இடிந்து, நால்வர் மாண்டனர். அங்கே சுவரின் அசைவை அளக்கக் கருவிகள் இருந்தன. கணக்கிடக் கணினியும், கற்றறிந்த எஞ்சினீயர்களும் இருந்தனர். சுவர் குறித்த எல்லையைக் கடந்து வளைந்ததைக் கருவிகள் காட்டின, எல்லைதான் உயர்த்தப்பட்டது! அன்று காலையிலேயே எஃகுத் தாங்கிகளினின்றும் ஓசை எழுந்தது. தொழிலாளர் செவியில் அது விழவும் செய்தது. பிற்பகல் மூன்றரை மணியளவில் யாவும் சரிந்தன. தம் ஆட்களை முதலில் வெளியேறச் செய்த மேஸ்திரி ஒருவர் தாம் மீளவில்லை.

இங்கே குறைந்தது யாது? அறிவன்று, கருவியன்று, செய்தியுமன்று. செய்தி சென்றது, "நிறுத்துக" என்னும் கட்டளைதான் வரவில்லை. வேலையைக் குறித்த நாளில் முடித்தல் ஒரு நோக்கம். வேலை செய்வோர் உயிருடன் வீடு திரும்புதல் மற்றொரு நோக்கம். இவ்விரண்டும் ஒரே நோக்கமாகாத இடத்தில் எத்துணைச் செய்தி ஓடினும் பயனில்லை. பொதுநோக்கம் என்பது சுவரில் எழுதிவைக்கும் அலங்கார வாசகமன்று.

தோட்டத்துத் தமிழருக்கு இது புதிய பாடமன்று. பழைய நாளில் துரையின் சொல் கிராணிக்கும், கிராணியின் சொல் கங்காணிக்கும், கங்காணியின் சொல் பெரட்டில் நின்ற தொழிலாளிக்கும் இறங்கிற்று. சொல் இறங்குவதற்குப் படிகள் இருந்தன. ஏறுவதற்கு ஒரு படியேனும் இருந்ததில்லை. இன்று கங்காணியின் இடத்தில் கைப்பேசி வந்திருக்கின்றது. ஆயினும் அதன் வழியே கட்டளை மட்டுமே இறங்குமாயின், மாறியது கருவியேயன்றி முறையன்று. கீழோன் சொல் மேலோன் செவியைத் தீண்டலாகாதென்பதும் ஒருவகைத் தீண்டாமையேயாம்! பிறப்பால் வரும் உயர்வு தாழ்வைக் கண்டிக்கும் நாம், பதவியால் வரும் இச்சாதியை மட்டும் பொறுத்துக்கொள்வது எங்ஙனம்?

"கணக்கறியாத கூலியாள் வேலையை நிறுத்தத் தலைப்பட்டால் தொழில் நடக்குமா?" என்பர் சிலர். நடக்குமென்பதற்கு ஜப்பானிய தோயோத்தா மோட்டார்த் தொழிற்சாலை சான்று. அங்கே குறை கண்ட எத்தொழிலாளியும் கயிறொன்றை இழுத்து உதவிக்கு அழைக்கலாம்; குறை தீராவிடின் வேலை வரிசையே நிற்கும். அதனால் அக்கம்பெனி நொடித்ததில்லை. உலகின் தலைசிறந்த மோட்டார்க் கம்பெனிகளில் ஒன்றாயிற்று. மேலும், பளுவைக் கணக்கிடப் படிப்பு வேண்டும். வெடிப்பைக் காணக் கண் போதும்.

இனி, முதற்கேள்விக்கு வருவோம். கடன்பட்டு, ஏஜண்டுக்குப் பணங்கட்டிக் கடல் கடந்து வந்தவன், ஒரு சொல் சொன்னால் மறுவாரமே ஊருக்கனுப்பப்படுவோமென அஞ்சுவானாயின், அவனது மௌனம் அவன் குற்றமன்று; அவ்வச்சத்தை வளர்த்தவர் குற்றமே. 2006-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, நன்றே. ஆயினும் சட்டம் மேலாளர்க்குச் செவி பொருத்தித் தராது. தவறு சுட்டியவனுக்குத் தண்டனை நேராதென்று உறுதி கூறி, அவ்வாறே நடந்தும் காட்டுக. அதன்பின்னும் ஒருவன் கண்டதை மறைப்பானாயின், அப்பொழுது அவனைக் குற்றவாளியென்போம். அதுவரை, வாய்மூடி நின்றவனைக் கேளாமல், அவன் வாயை மூடியவரைக் கேட்போமாக.